எழுத்து விற்பவருக்கும் கணக்குக் கொப்பி வேண்டும்

எமது வீடுகளில் இப்போது ஒரு புது வியாபாரம் நடக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, ஷட்டர் இல்லை, தராசும் இல்லை. மகனோ மகளோ அறையின் மூலையில் ஒரு கணனியை வைத்துக்கொண்டு யாருக்கோ எதையோ எழுதிக் கொடுக்கிறார். புடவைக் கடைக்கு விளம்பர வாசகம், மருந்தகத்துக்குத் துண்டுப்பிரசுரம், கொழும்பு நிறுவனமொன்றின் ஆங்கில அறிக்கைக்குத் தமிழாக்கம், வெளிநாட்டு இணையக் கடையொன்றின் பொருட்களுக்கு விபரக் குறிப்பு என்று வேலை பலவிதம். மாதச் சம்பளம் கிடையாது. எழுதிக் கொடுத்தால் பணம், இல்லையேல் இல்லை. ஆங்கிலத்தில் ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். தமிழில் சுயாதீன எழுத்தாளர் என்று சொல்லலாம்.

காலையில் கடை திறந்து இரவில் பூட்டிப் பழகிய வாப்பாமாருக்கு இது ஒரு தொழிலாகத் தெரிவதில்லை. "பிள்ளை நாள் முழுக்க கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான், கையில் காசைக் காணோம்" என்ற முறைப்பாட்டை இஷாத் தொழுகை முடிந்து நிற்கும்போது அடிக்கடி கேட்கலாம். முறைப்பாட்டில் உண்மையில்லை என்று சொல்லவும் முடியாது. நல்ல மொழியறிவுள்ள பிள்ளைகள் சில மாதங்களில் இதைக் கைவிட்டுவிட்டு கட்டாருக்கு விசா தேடுகிறார்கள். மொழி போதாமல் விட்டவர்கள் குறைவு. தாங்கள் விற்பது என்ன, அதன் அடக்கவிலை என்ன என்று தெரியாமல் விட்டவர்களே அதிகம். அரிசிக் கடைக்காரன் மூட்டையின் அடக்கவிலை தெரியாமல் கிலோவுக்கு விலை சொன்னால் கடை எத்தனை நாளைக்கு நிற்கும்? அதேதான் இங்கும் நடக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். சொல்லொன்றுக்கு 3 ரூபா என்று பேசி, 1000 சொல் கொண்ட கட்டுரையொன்றை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3000 ரூபா. அதை அவர் நான்கு மணித்தியாலத்தில் முடித்தால் மணிக்கு 750 ரூபா. தொலைபேசியைப் பார்த்து, இடையில் எழுந்து போய், விட்ட இடத்தை மறந்து, மீண்டும் தொடங்கி பன்னிரண்டு மணித்தியாலம் இழுத்தால் மணிக்கு 250 ரூபா. அதே விலை, அதே வாடிக்கையாளர், அதே கட்டுரை. கூலி மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் போனது அவருக்கே தெரியாது. நேரத்தை அவர் எழுதி வைக்கவில்லையே! வாடிக்கையாளர் தரும் விலை போதாது என்றுதான் அவர் குறைப்படுவார். சரக்கு வீணானது குடோனுக்குள் என்பதை அவர் காணவில்லை.

எழுத்துத் தொழிலில் நேரத்துக்குக் கணக்கு வைத்தவர் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருபவர் ஆங்கில நாவலாசிரியர் அன்டனி ட்ரொலோப். 1815இல் பிறந்து 1882இல் இறந்தவர். முழுநேர எழுத்தாளர் அல்ல. 1834 முதல் 1867 வரை பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். தெருவோரம் தபால்பெட்டி வைக்கும் வழக்கத்தை ஜேர்சி, கேர்ன்சி தீவுகளில் தொடங்கச் சொன்னவரும் அவர்தான். அந்த உத்தியோகத்தோடு, வாழ்நாளில் 47 நாவல்களை எழுதி முடித்தார்.

எப்படி முடித்தார் என்பதைத் தனது சுயசரிதையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். காலை 5.30க்கு மேசையில் இருக்க வேண்டும். எழுப்பிவிடுவதற்காகவே வீட்டு வேலையாள் ஒருவருக்கு வருடத்துக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். மூன்று மணித்தியாலம் வேலை. முதல் அரை மணித்தியாலம் முந்திய நாள் எழுதியதை வாசித்துத் திருத்துவது. பிறகு கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதுவது. அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் என்றால் சங்கிலி போட்ட சட்டைப்பைக் கடிகாரம். இரண்டரை மணித்தியாலத்தில் 2500 சொல் வருகிறது. அதன் பிறகுதான் காலைச் சாப்பாடும் கந்தோரும். நாவலொன்றைத் தொடங்கும்போது கிழமைவாரியாகக் கோடு போட்ட நாட்குறிப்பொன்றை ஆயத்தம் செய்து, ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் முடிந்தது என்று அதில் பதிவார். ஒன்றும் எழுதாத நாளும் அந்தப் பக்கத்தில் வெறுமையாக முகத்துக்கு நேரே நிற்கும். ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார், கப்பலிலும் எழுதுவார். 1875இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் இலங்கையிலும் இறங்கிப் போனவர் அவர்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு வேலை செய்திருக்கிறார். எமது வியாபாரிகளுக்கு அதுதான் பிடிக்கும். எந்தப் புத்தகம் எவ்வளவு உழைத்தது என்று வரிசையாகப் பட்டியல் போட்டு, மொத்தம் 68,939 பவுண் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று கூட்டிக் காட்டியிருக்கிறார். ஐந்து பென்ஸைக்கூட விடவில்லை! அவர் இறந்த பிறகு, 1883இல் அந்தச் சுயசரிதை வெளிவந்தபோது இலக்கியப் பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். செருப்புத் தைப்பவனைப் போல எழுத்தாளனும் நேரத்துக்கு வேலைக்கு உட்காரலாம் என்று அவர் சொன்னது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரது பெயர் கொஞ்சக் காலம் மங்கியதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்பார்கள். எனது அபிப்பிராயம் வேறு. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எழுத்தும் ஒரு கைத்தொழில் என்று எனக்கு விளங்கியது.

இனி விசைப்பலகைக்கு வருவோம். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தால் நிறைய உழைக்கலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ட்ரொலோப்பின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 சொல்தான். சாதாரணமாக ஆங்கிலத் தட்டச்சு பழகியவர் இதைவிட இரண்டு மடங்கு அடிப்பார். ஆகவே தடங்கல் விரலில் இல்லை. என்ன எழுதுவது என்று தீர்மானிக்காமல் உட்காருவதில்தான் இருக்கிறது. எழுத உட்கார முன் ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்தாறு வரியில் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது மாதிரி. இதற்குக் கணனியே தேவையில்லை, பேனை போதும்.

ஆனாலும் பத்து விரலாலும் பார்க்காமல் தட்டப் பழகுவது பிரயோசனம்தான். கண் விசையைத் தேடாமல் வசனத்தைப் பார்க்கும், பிழை அப்போதே தெரியும். தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை. எமது நாட்டு அச்சகங்களும் பத்திரிகைக் காரியாலயங்களும் நீண்ட காலம் பாமினி எழுத்துருவிலேயே பழகியவை. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இணையத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் யுனிகோட் முறை வேண்டும். இன்று வெளியில் வேலை தேடுபவருக்கு யுனிகோட் தெரியாவிட்டால் சந்தையில் பாதி மூடிக்கிடக்கும். பாமினி விரல்பழக்கம் உள்ளவர்கள் பயப்படத் தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருட்களில் அதே விசை அமைப்பில் அடித்து யுனிகோடாகப் பெறலாம். இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயம் ரெங்கநாதன் விசை அமைப்பைக் கொண்டது. தமிழ்நாட்டில் தமிழ் 99 உண்டு. ஆங்கில ஒலியில் அடிக்கும் முறையும் இருக்கிறது; தொடங்க இலகு, ஆனால் விசைத் தட்டல் கூடும். எதையாவது ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும். மாதத்துக்கொரு முறை மாற்றினால் விரல் எதையும் படிக்காது.

தமிழாக்கம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய வியாபார நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். "இன் த ஹவுஸ்" மூன்று சொல், "வீட்டில்" ஒரு சொல். ஆயிரம் சொல் ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்து நிற்கும். தமிழ்ச் சொல்லை எண்ணிப் பணம் வாங்குபவர் அந்த அளவுக்கு நட்டப்படுகிறார். மூலப்பிரதியின் சொல்லை எண்ணித்தான் விலை பேச வேண்டும். இது தெரியாமல் வருடக்கணக்கில் குறைந்த கூலிக்கு மாரடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுயமாகத் தமிழில் எழுதுபவரும் இதே காரணத்தால் ஆங்கிலச் சொல்லின் விலையைத் தமிழுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

நேரத்தைப் பிரிப்பதற்குப் பல கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றில் பிரபலமானது இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த முறை. தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரத்தை 25 நிமிடத்துக்குத் திருகி வைப்பது, மணி அடிக்கும் வரை ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமொடோரோ. முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. இதற்கென்றே தொலைபேசிச் செயலிகள் உண்டு. ஆனால் தொலைபேசியை வைத்துத் தொலைபேசியின் தொல்லையைத் தடுக்கப் பார்ப்பது திருடனிடம் சாவியைக் கொடுத்த கதை. முந்நூறு நானூறு பக்க நாவலை சட்டைப்பைக் கடிகாரம் முடித்தது. எமக்கும் சுவர்க் கடிகாரம் போதும். தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கட்டும்.

எம்மிடம் இதைவிடப் பழைய மணி இருக்கிறது. ஐந்து நேரத் தொழுகை ஒரு நாளைத் தானாகவே பிரித்துத் தருகிறது. இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் தொழுகை நேரங்கள் வருடம் முழுவதும் பெரிதாக நகர்வதில்லை. லண்டனில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அங்கே கோடையில் மஃரிப் இரவு ஒன்பது மணி தாண்டித்தான். ஸுபஹுக்குப் பிறகு வரும் இரண்டு மணித்தியாலத்தைப் புதிதாக எழுதுவதற்கு ஒதுக்கலாம். அதிகாலையில் பரகத் இருக்கிறது என்பது எமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லுஹருக்கு முன் எழுதியதைத் திருத்தலாம். சாப்பிட்ட பிறகு மூளை மந்தமாக இருக்கும் நேரத்தில் சொல்லெண்ணிக்கை பார்ப்பது, பெயர்களைச் சரிபார்ப்பது, பக்கத்தை ஒழுங்கு செய்வது போன்ற வேலைகள். அஸருக்குப் பிறகு மின்னஞ்சல், பில், பணம் கேட்டு எடுக்கும் தொலைபேசி அழைப்பு. காலையிலேயே மின்னஞ்சலைத் திறப்பவருக்கு அந்த நாள் அடுத்தவரின் நாளாகிவிடுகிறது.

வீட்டிலிருந்து எழுதும் பெண்களுக்கு இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தாது. ஸுபஹுக்குப் பிறகு அடுப்பும் பாடசாலைப் பிள்ளைகளும். அவர்களுக்குக் கிடைப்பது பிள்ளைகள் போன பின் வரும் இரண்டு மூன்று மணித்தியாலம். அந்த நேரத்தில்தான் வீட்டார், "சும்மாதானே இருக்கிறாய், இதை ஒருக்கா பார்" என்று கூப்பிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எழுதிக்கொண்டிருந்த சிந்தனை திரும்பி வரக் கால் மணித்தியாலம் போகிறது. கடையில் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் மகனை அரைவாசியில் நிறுத்தி, தேங்காய் வாங்கி வரச் சொல்லி எந்த முதலாளியும் அனுப்புவதில்லை. விசைப்பலகைக்கு முன்னால் இருக்கும் மகளும் அப்போது கவுண்டரில்தான் நிற்கிறாள். அவள் உழைப்பது பல வீடுகளில் டியூஷன் காசாகவும் மின்கட்டணமாகவும் மாறுகிறது என்பதை வாப்பாமார் மறக்கக் கூடாது.

கணனிக்குள் இருக்கும் சிறு வசதிகளையும் சொல்ல வேண்டும். வேர்ட் மென்பொருளில் தானாகத் திருத்தும் வசதி ஒன்று உண்டு. அடிக்கடி எழுதும் நீண்ட தொடருக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் பதிந்து வைத்தால், சுருக்கத்தை அடித்தவுடன் முழுத் தொடரும் வந்து நிற்கும். ஸலாம் கூறி வாழ்த்தும் முதல் வரி, வங்கிக் கணக்கு விபரம், நிறுவனங்களின் நீண்ட பெயர்கள் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்யலாம். விலைக்கூற்றுக்கும் பில்லுக்கும் ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிக்க வேண்டாம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், வாடிக்கையாளர் பெயர் என்ற வரிசையில் வைத்தால் கணனியே திகதி முறையில் அடுக்கிவிடும். "புதியது", "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைத்துவிட்டுத் தேடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். மேசைக் கணனியில் எழுதுபவருக்கு மின்சாரம் போகும் கணத்தில் சேமிக்காத எழுத்தும் போய்விடும். வேர்ட் தானாகப் பிரதி எடுப்பது வழமையாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவைதான். அதை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். பந்திக்கொரு தடவை கொன்ட்ரோல் விசையையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துவது கைப்பழக்கமாக வேண்டும். முடிந்த வேலையின் ஒரு பிரதி பென்டிரைவிலும் இன்னொன்று இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும். கடைக்குத் தீக்காப்புறுதி எடுப்பவர்களுக்கு இது விளங்கும்.

இனி வியாபாரிகள் கேட்கும் கேள்வி. 2022 நவம்பரில் செட்ஜிபிடி வந்த பிறகு கேட்டதையெல்லாம் இயந்திரம் எழுதித் தருகிறதே, நான் ஏன் ஒரு பிள்ளைக்குக் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பொதுவான விபரக் குறிப்புகளின் சந்தை அடிபட்டுவிட்டது என்பதை எழுதுபவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் இல்லாததை இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லும், தமிழில் உயிரில்லாத வசனம் அமைக்கும், உங்கள் கடையில் நோன்பு இருபதுக்குப் பிறகு எந்தப் புடவைக்குக் கூட்டம் வரும் என்று அதற்குத் தெரியாது. அதைக் கேட்டறிந்து, தகவலைச் சரிபார்த்து, பிழைக்குப் பொறுப்பேற்று எழுதுபவருக்கு இன்னும் இடமிருக்கிறது. இயந்திரத்தின் உதவியை எடுத்திருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சரக்கின் நிலையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் எந்தச் சரக்குக்கும் ஆகாது.

வேலை கொடுக்கும் எமது வியாபாரிகளிடமும் ஒரு வார்த்தை. "நல்லா ஒன்று எழுதித் தாங்க தம்பி" என்பது ஓடர் அல்ல. எதற்கு, எத்தனை சொல், எத்தனையாம் திகதி, என்ன விலை, எத்தனை தடவை திருத்தித் தர வேண்டும் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். அல்-குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறிதென்று எழுதச் சலிப்படையக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பத்து இலட்சம் ரூபா சரக்குக்கு எழுத்து வைப்பவர்கள், நாலாயிரம் ரூபா எழுத்து வேலைக்கு வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு ஏழாவது தடவை திருத்தம் கேட்கிறார்கள். சிலர் அந்த நாலாயிரத்துக்கும் இரண்டு மாதத்துக்குப் பிந்திய திகதியிட்ட காசோலை கொடுப்பார்கள்! கூலியாளின் வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. விசைப்பலகையில் வியர்வை தெரியாது என்பதற்காகச் சட்டம் மாறாது.

எழுதுபவர் பக்கத்தில் செய்ய வேண்டியது, புது வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முற்பணமாக வாங்குவது, பில்லுக்குத் தொடர் இலக்கம் போடுவது, கோடு போட்ட கொப்பியொன்றில் வேலைக்கொரு வரி எழுதுவது. திகதி, வாடிக்கையாளர், சொல்லெண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பேசிய விலை, பணம் வந்த திகதி. கணனியில் எக்செல் பக்கத்திலும் வைக்கலாம், கூட்டிக் கழிப்பதை அதுவே செய்யும். மூன்று மாதம் விடாமல் எழுதினால் எந்த வாடிக்கையாளர் மணிக்கு எவ்வளவு தருகிறார், எவர் திருத்தம் கேட்டே நேரத்தைத் தின்கிறார், எவரது பணம் எப்போதும் நாற்பது நாள் பிந்துகிறது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் வெளிச்சமாகிவிடும். பழைய வாடிக்கையாளர் அடுத்த வேலைக்கு அழைப்பெடுத்து "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், உடனே வாயில் வந்த தொகையைச் சொல்லாமல், பத்து நிமிடத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அவருடைய வரிகளைப் புரட்டிப் பார்த்த பிறகு விலை சொல்லலாம்.